ஐஸ் ரோட்டில் ட்ரக் ஓட்டப் போகலாமா? யெல்லோநைஃபா, மனிடோபாவா, அலாஸ்காவா

என் மனைவியின் தம்பி பிராம்ப்டனில் இருக்கிறான். ஏஸெட் லைசென்ஸ் (ட்ரெய்லர் ட்ரக் ஓட்டுவதற்கான ஒன்டாரியோ லைசென்ஸ்) எடுத்து மூன்று வருஷம் ஆகிறது, டொரொன்டோ–மொன்ட்ரியால் என்று 401 நெடுஞ்சாலையில் போய் வந்துகொண்டிருக்கிறான். போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்து, "அத்தான், ஐஸ் ரோட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். ரெண்டே மாசம், ஒரு வருஷச் சம்பளம் வருமாமே" என்றான். யார் சொன்னது என்றேன். யூடியூப்.

நான் மூன்று குளிர்காலம் அந்தப் பக்கம் ஓட்டியிருக்கிறேன், இரண்டு மனிடோபா மாகாணத்தில், ஒன்று யெல்லோநைஃபில் (கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகர்). பெரிய அனுபவஸ்தன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அங்கே இருபது முப்பது வருஷமாக ஒவ்வொரு ஜனவரியும் வந்து நிற்கிற கிழவர்கள் உண்டு, அவர்கள் முன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனாலும் அவனுக்கு ஒன்றரை மணி நேரம் போனில் சொன்னதை எழுதி வைத்தால், இதே கேள்வியோடு அலைகிற வேறு யாருக்காவது உதவும்.

ஐஸ் ரோடு என்றால் குளிர்காலத்தில் உறைந்த ஏரி, ஆறு, சதுப்பின் மேல் தற்காலிகமாகப் போடுகிற ரோடு. முதலில் ஒரு வார்த்தைச் சிக்கல். தமிழில் மேலேயிருந்து விழுவதும் பனி, தண்ணீர் உறைந்து கிடப்பதும் பனி. இந்தத் தொழிலில் இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதி. ஸ்னோ ஏரியின் மேல் கம்பளி மாதிரி படுத்துக்கொண்டு குளிரைக் கீழே இறங்க விடாது, ஐஸ் தடிக்காது. ரோடு போடுகிறவர்கள் முதல் வேலையாக ஸ்னோவை வழித்துத் தள்ளுவது அதற்காகத்தான். எனவே இங்கே ஐஸ், ஸ்னோ என்றே எழுதுகிறேன்.

அவன் கேட்ட கேள்வி "எங்கே அதிகம் தருவார்கள்" என்பது. நான் திருப்பிக் கேட்டது, "மார்ச் கடைசியில் ரோட்டை மூடிய பிறகு உனக்கு யார் சம்பளம் தருவார்கள்" என்பது. எங்கே போனாலும் சீசன் எட்டிலிருந்து பத்து வாரம். மீதிப் பத்து மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு இடங்களை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

யெல்லோநைஃப்: எல்லோரும் கனவு காணும் ரோடு

'ஐஸ் ரோட் ட்ரக்கர்ஸ்' என்கிற டிவித் தொடர் முதலில் காட்டியது இதைத்தான். டிபிட்–கொன்ட்வாய்டோ குளிர்கால ரோடு என்பது முழுப் பெயர். யெல்லோநைஃபிலிருந்து இங்க்ரஹாம் ட்ரெயில் என்கிற ரோட்டில் 70 கி.மீ. போனால் டிபிட் ஏரி வரும், அங்கே நிலம் முடிந்து ஏரி ஆரம்பிக்கும். 1982இல் லூபின் தங்கச் சுரங்கத்துக்காகப் போட்டார்கள், அப்புறம் வைரம் கிடைத்ததும் எகாட்டி, டயாவிக், காச்சோ குவே ஆகிய சுரங்கங்களுக்கான ரோடாகிவிட்டது. அதில் 85 சதவீதத்துக்கும் மேல் உறைந்த ஏரிகளின் மேல் போகிறது. இடையில் வரும் நிலத் துண்டுகளுக்குப் போர்ட்டேஜ் என்று பெயர்.

இந்த ரோட்டைச் சுரங்க நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகின்றன, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஏரி மேல் ரோடு 50 மீட்டர் அகலம். ஐஸின் தடிமனை ரேடார் வைத்து அளந்துகொண்டே இருப்பார்கள். வண்டிகளைச் சிறு குழுக்களாக, 20 நிமிட இடைவெளியில் அனுப்புவார்கள், ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை கிலோமீட்டர் விட வேண்டும். லோடோடு ஏரி மேல் போகும்போது உச்ச வேகம் 25 கி.மீ. கரையை நெருங்கும்போது இன்னும் குறைவு.

25 என்பது அதிகாரிகள் சும்மா வைத்த எண் கிடையாது. ஐஸ் தண்ணீரின் மேல் மிதக்கிறது, வண்டி ஏறினால் வளைகிறது. வண்டி நகரும்போது அடியில் தண்ணீரில் ஒரு அலை கிளம்பி வண்டியோடு கூடவே வரும். வேகம் கூடினால் அந்த அலை பெரிதாகும், கரைக்குப் பக்கத்தில் போய் முட்டித் திரும்பும்போது மேலே இருக்கிற ஐஸைப் பிளந்துவிடும். முன்னால் போன ஆள் அவசரப்பட்டால் பின்னால் வருகிறவனுக்குத்தான் ஓட்டை. அதனால் வேக விதியை மீறுகிறவர்களை ரொம்பக் கேவலமாகப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டு தடவைக்கு மேல் போனால் ரோட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

எடை கணக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. 1971இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த லோர்ன் கோல்ட் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்: ஐஸின் தடிமனை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 4ஆல் பெருக்கினால் தாங்கக்கூடிய எடை கிலோவில் வரும். ஒரு மீட்டர் ஐஸ் 40,000 கிலோ. அந்த 4 என்பது ஜாக்கிரதையான எண். தினமும் அளந்து பார்த்துப் பராமரிக்கிற ரோட்டில் அதைக் கூட்டிக்கொள்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் எடை நான்கு மடங்கு. அதாவது சீசன் ஆரம்பத்தில் பத்து சென்டிமீட்டர் குறைந்தாலும் லோடு பெருமளவில் குறையும். முழு லோடு ஏற்றிய சூப்பர் பி (ஒரு ட்ராக்டருக்குப் பின்னால் இரண்டு ட்ரெய்லர், எட்டு ஆக்ஸில்) 63,500 கிலோ. அதற்கு ஒரு மீட்டருக்கு மேல் ஐஸ் வேண்டும். அது வரும்வரை பாதி லோடு, முக்கால் லோடு. டன் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு முதல் இரண்டு வாரம் வயிற்றெரிச்சல்தான்.

இப்போது அந்த "ரெண்டு மாசத்தில் ஒரு வருஷச் சம்பளம்" கணக்குக்கு வருவோம். யெல்லோநைஃபிலிருந்து லாக் டி க்ரா ஏரிப் பக்கத்துச் சுரங்கங்களுக்கு 350 முதல் 400 கி.மீ. மணிக்கு 25 என்றால் போக மட்டும் 14, 16 மணி நேரம். அறுபதாவது அட்சரேகைக்கு வடக்கே சட்டப்படி ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓட்டலாம் (தெற்கே 13), ஆகவே நடுவில் லாக்ஹார்ட் ஏரி முகாமில் தூங்க வேண்டும். போய், இறக்கி, காலி வண்டியோடு திரும்பி, மறுபடி ஏற்ற வரிசையில் நிற்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். புயல் அடித்தால் ரோட்டை மூடுவார்கள், அன்றைக்கு ஓட்டம் இல்லை, டிரிப் கணக்கில் ஓட்டுபவருக்கு அன்றைக்கு வருமானமும் இல்லை. எட்டு வாரத்தில் 25 டிரிப் போட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வேலை கேட்கும்போது ஒரு டிரிப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள், காத்திருக்கும் நாளுக்கு ஏதாவது உண்டா என்று கேளுங்கள், முதலாவதை இந்த எண்ணோடும் இரண்டாவதைக் காத்திருக்கும் நாட்களோடும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். டிவிக்காரர்கள் சொல்கிற தொகை வருகிறதா என்று அப்புறம் பேசலாம்.

நான் போன சீசனில் நான் எதிர்பார்த்ததில் முக்கால்வாசிதான் கையில் வந்தது. குறை சொல்லவில்லை. சாப்பாடு அருமை, முகாம் சமையல்காரர்கள் டிரைவர்களை மாப்பிள்ளை மாதிரி கவனிப்பார்கள். ஆனால் சுரங்கத்து விதிகள் கடுமை: போதைப்பொருள், மதுப் பரிசோதனை உண்டு, லோடில் பெரும்பகுதி டீசல் என்பதால் அபாயப் பொருள் ஏற்றும் சான்றிதழ் கட்டாயம் வேண்டும், சுத்தமான டிரைவிங் ரெக்கார்டு இல்லாமல் வாசலுக்கே விட மாட்டார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இந்த ரோட்டை அவனுக்கு நான் ஏன் சிபாரிசு செய்யவில்லை? அது சுருங்கிக்கொண்டு வருகிறது. 2007இல் ஒரே சீசனில் ஏறக்குறைய 11,000 லோடு, 3,30,000 டன் போயிற்று, அதுதான் உச்சம். (அதற்கு முந்தைய வருஷம் ஐஸ் தடிக்காமல் போய், மிச்சச் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. 2007இன் கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.) இப்போது நிலைமை வேறு. டயாவிக் உற்பத்தி 2026இல் முடிவதாக ரியோ டின்டோ அறிவித்துவிட்டது. எகாட்டியில் 2025இல் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தை நிறுத்தி ஆட்களைக் குறைத்தார்கள். ஆய்வகத்தில் செய்கிற வைரம் வந்ததிலிருந்து இயற்கை வைரத்தின் விலை அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. சுரங்கத்தை மூடுகிற வேலைக்கும் சில வருஷம் சரக்கு போகும்தான், ஆனால் டீசல் தேவை பழைய மாதிரி இருக்காது. லோடு குறையும்போது முதலில் கூப்பிடுவது போன வருஷம் வந்தவர்களை, அவர்களில் முதலில் யெல்லோநைஃப்காரர்களை. 5,000 கி.மீ. தள்ளி பிராம்ப்டனில் இருந்து புதிதாக விண்ணப்பிக்கிற பையன் வரிசையின் எந்த மூலையில் நிற்பான்?

மனிடோபாவும் வட ஒன்டாரியோவும்

வைரம் இல்லை, பளபளப்பு இல்லை. ரோடு இல்லாத ஊர்களுக்கு ஒரு வருஷத்துச் சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை.

வட ஒன்டாரியோவில் முப்பதுக்கு மேற்பட்ட பூர்வகுடி ஊர்களுக்கு வருஷம் முழுக்கப் போகிற ரோடு கிடையாது, விமானம்தான். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை மட்டும் 3,000 கி.மீ.க்கு மேல் குளிர்கால ரோடு போடுகிறார்கள், மாகாண அரசு பணம் கொடுக்கிறது, போடுவதும் பராமரிப்பதும் அந்தந்த ஊர் மக்கள். மனிடோபாவிலும் 2,000 கி.மீ.க்கு மேல் இப்படி இருக்கிறது: கார்டன் ஹில், செயின்ட் தெரேசா பாயின்ட், வாசகமாக், ரெட் சக்கர் லேக் என்று ஐலண்ட் லேக் பக்கத்து ஊர்கள் முழுக்க இதை நம்பித்தான் வீடு கட்டுகின்றன. கில்லாமிலிருந்து ஷமட்டாவா வழியாக ஹட்சன் விரிகுடாப் பக்கம் ஃபோர்ட் செவர்ன், பியவானக் வரை போகிற வாபஸ்க் ட்ரெயில் 752 கி.மீ., உலகிலேயே நீளமான குளிர்கால ரோடு என்று கின்னஸில் இருக்கிறது.

இங்கே பெரும்பகுதி ஏரி மேல் போவதில்லை. உறைந்த சதுப்பு, காடு, நடுநடுவே ஆறும் ஏரியும். ஓட்டுவதற்கு இது யெல்லோநைஃப் ரோட்டைவிடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம், யெல்லோநைஃப்காரர்கள் சண்டைக்கு வரலாம். அங்கே 50 மீட்டர் அகலம், சமதளம், தூக்கம்தான் எதிரி. இங்கே இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க இடம் தேட வேண்டும், மேடு இறங்கியதும் வளைவு, வளைவு முடிந்ததும் ஆறு. டயரில் செயின் மாட்டக் கை பழகியிருக்க வேண்டும், அதுவும் -35இல், காற்றோடு, தனியாக. போனில் சிக்னல் கிடையாது. வண்டி நின்றுவிட்டால் அடுத்த வண்டி வரும்வரை ஸ்லீப்பிங் பேக், மெழுகுவர்த்தி, சாப்பாடு என்று நீங்கள் கொண்டுவந்ததுதான்.

என் முதல் சீசனில் ஒரு ஊரில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். வெயில் அடித்து ஓடைப்பக்கம் ரோடு இளகிவிட்டது, ராத்திரி உறைந்தால்தான் விடுவோம் என்றார்கள், ராத்திரி உறையவில்லை. என் வண்டியில் ஜிப்சம் போர்டு. இறக்கியாயிற்று, திரும்ப வழியில்லை. பள்ளிக்கூடத்து ஜிம்மில் படுக்க இடம் கொடுத்தார்கள், ஒரு பாட்டி கடமான் இறைச்சி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் எந்த ஊர் என்று விசாரித்தார். நான் வேலை பார்த்த நிறுவனம் அந்த மூன்று நாளுக்குக் காத்திருப்புப் பணம் தருவதில் இழுத்தடித்தது, பாதிதான் வந்தது. அதிலிருந்து எந்த நிறுவனமாக இருந்தாலும் இதை எழுத்தில் வாங்காமல் வண்டியில் ஏறுவதில்லை.

சரி, இதில் என்ன நல்லது? மூன்று விஷயம். வின்னிபெக்கிலும் தண்டர் பே பக்கத்திலும் உள்ள சரக்கு நிறுவனங்களுக்கு ஜனவரியில் திடீரென்று நிறைய ஆள் தேவைப்படும், உள்ளூரில் கிடைக்காது, இரண்டு மூன்று குளிர்காலம் ட்ரெய்லர் ஓட்டிய, ரெக்கார்டு சுத்தமான ஆளை எடுப்பார்கள். இரண்டாவது, அதே நிறுவனங்கள் வருஷம் முழுக்க வேறு ரூட்டுகள் ஓட்டுகின்றன, சீசன் முடிந்ததும் உங்களை அனுப்பிவிட வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாவது, சுரங்கம் மாதிரி ஒருநாள் மூடிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது, ஊர் ஊராகத்தான் இருக்கும், வீடும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். இந்த ரோடுகள் யெல்லோநைஃபைவிடத் தெற்கே இருப்பதால் சூடு கூடும்போது முதலில் அடி வாங்குவது இவைதான். 2024 பிப்ரவரியில், எல் நினோ குளிர்காலத்தில், வட ஒன்டாரியோவின் 49 பூர்வகுடி ஊர்களுக்கான நிஷ்னாபே அஸ்கி தேசத் தலைவர்கள் ரோடுகள் உறையவில்லை என்று அவசரநிலை அறிவித்தார்கள். அந்த வருஷம் லோடை நம்பி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசியுங்கள். அப்புறம், இங்கே முன்பெல்லாம் டீசல்தான் பெரிய சரக்கு, ஊருக்கு ஒரு ஜெனரேட்டர், அதற்கு வருஷத்துக்கான டீசல். இப்போது வாடேனிகனயாப் என்று 1,800 கி.மீ. மின்கம்பி இழுத்து 17 ஊர்களை மின்சார வலையில் சேர்க்கிற திட்டம் வந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு நல்ல காலம். டேங்கர் ஓட்ட ஆசைப்படுகிறவர் மட்டும் எந்த ஊர்களுக்கு இன்னும் டீசல் போகிறது என்று விசாரித்துக்கொள்ளட்டும். வீட்டுச் சாமானும் கட்டுமானப் பொருளும் ஏற்றுகிற ஃபிளாட்பெட், வேன் ட்ரெய்லர்காரர்களுக்கு இது பெரிய இடி இல்லை.

கூடவே ஒன்று. நீங்கள் அவர்கள் நிலத்தில், அவர்கள் போட்ட ரோட்டில் போகிறீர்கள். சில ஊர்கள் மதுவைத் தடை செய்திருக்கின்றன, நுழைவாயிலில் வண்டியைச் சோதிப்பார்கள். ஒரு பாட்டில் கண்டுபிடித்தால் உங்கள் வேலை மட்டும் போகாது, நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கே ஆபத்து.

அலாஸ்கா

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டால்டன் ஹைவே ஐஸ் ரோடே கிடையாது. 1974இல் எண்ணெய்க் குழாய் போடுவதற்காகப் போட்ட 666 கி.மீ. சரளை ரோடு, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும், குளிர்காலத்தில் மேலே ஐஸ் படிந்திருக்கும், அட்டிகன் கணவாயில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். டிவித் தொடர் அங்கே போனதால் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலை என்று பார்த்தால் இதுதான் ஒருவேளை எல்லாவற்றிலும் சிறந்தது, ஏனென்றால் பன்னிரண்டு மாதமும் லோடு உண்டு. ஆனால் கனடா பாஸ்போர்ட்டோ பிஆரோ (நிரந்தர வசிப்புரிமை) வைத்துக்கொண்டு அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து ப்ரூடோ பே எண்ணெய் வயலுக்குச் சரக்கு ஓட்ட முடியாது. எல்லை தாண்டி வருகிற சரக்கைத்தான் கனடா டிரைவர் கொண்டுபோகலாம், அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு என்பது அவர்கள் ஆட்களுக்கானது. கிரீன் கார்டு இருக்கிறவர் தாராளமாக யோசிக்கலாம். மச்சானுக்குக் கிடையாது, அதனால் அன்றைக்கு இதை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டோம்.

நான்காவதாக ஒன்று, அவன் கேட்காதது

ஐஸ் ரோட்டு வேலை என்று தேடாமல், வடக்கே சரக்கு ஓட்டுகிற வேலை என்று தேடுவது. எட்மன்டனிலிருந்து யெல்லோநைஃபுக்கு ஏறக்குறைய 1,500 கி.மீ. நல்ல ரோடு இருக்கிறது. முன்பு மெக்கன்சி ஆற்றைக் கோடையில் படகிலும் குளிர்காலத்தில் ஐஸ் மேலும் கடக்க வேண்டும், 2012 நவம்பரில் டே சோ பாலம் வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. யூகானில் டாசனிலிருந்து இனுவிக் வரை டெம்ப்ஸ்டர் ஹைவே, 740 கி.மீ. சரளை, அதில் இன்னும் இரண்டு ஆறுகளை ஐஸ் மேல்தான் கடக்கிறார்கள். இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக்குக்கு இருந்த புகழ்பெற்ற ஐஸ் ரோடு 2017உடன் முடிந்து, அந்த வருஷம் நவம்பரிலிருந்து எல்லாப் பருவத்துக்குமான ரோடு வந்துவிட்டது. வடக்கில் எங்கெல்லாம் பணம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் இதுதான் நடக்கிறது, ஐஸ் போய் சரளை வருகிறது.

இந்த ரூட்டுகளில் ஒரு நிறுவனத்தில் நிரந்தர ஆளாகச் சேர்ந்துவிட்டால், ஜனவரியில் ஐஸ் சீசனுக்கு ஆள் எடுக்கும்போது உங்களைத்தான் முதலில் கேட்பார்கள். வெளியிலிருந்து வருகிறவரின் கையை நம்புவதைவிட, பத்து மாதமாக, -40இலும், வண்டியைச் சேதமில்லாமல் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளை நம்புவது அவர்களுக்கு எளிது. நான் யெல்லோநைஃப் சீசனுக்குப் போனதே இப்படித்தான், ஐஸ் ரோட்டுக்கென்று ஒரு விண்ணப்பமும் போடவில்லை. குறை என்னவென்றால் குடும்பத்தை எட்மன்டனுக்கோ வின்னிபெக்குக்கோ மாற்ற வேண்டும், இல்லையென்றால் வீடு ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். என் மனைவி இரண்டுக்கும் ஒப்பவில்லை, நான் இப்போது ஸ்கார்பரோவில் லோக்கல் ஓட்டுகிறேன்.

சொந்த வண்டியா, கம்பெனி வண்டியா

இதில் அவனுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. அவன் ஒரு பழைய ட்ராக்டரை வாங்கிப் போட்டு ஓனர்-ஆபரேட்டராகப் போகலாம் என்கிறான், டிரிப்புக்கு அதிகம் கிடைக்குமாம். கிடைக்கும். ஆனால் -40இல் ரப்பர் ஹோஸ் கண்ணாடி மாதிரி உடையும், ஏர் லைனில் கொஞ்சம் ஈரம் இருந்தால் உறைந்து பிரேக் பிடித்துக்கொள்ளும், எஞ்ஜினை ராத்திரி பகலாக அணைக்காமல் ஓட விட வேண்டும், மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் போனால் இழுத்துவரும் கூலியே ஒரு வாரச் சம்பளம். வடக்கத்திய குளிருக்கென்று தயார் செய்யாத 401 வண்டியை அங்கே கொண்டுபோவது, கல்யாணச் செருப்போடு வயலில் இறங்குவது மாதிரி. முதல் சீசன் கம்பெனி வண்டிதான். உடைந்தால் அவர்களுடையது.

அடுத்தது, நம் ஆட்களிடம் ரொம்பச் சாதாரணமாகிவிட்ட ஒரு பழக்கம்: சம்பளப் பட்டியலில் சேராமல், சொந்தப் பெயரில் ஒரு கார்ப்பரேஷன் தொடங்கி, கம்பெனி வண்டியையே ஓட்டிக்கொண்டு இன்வாய்ஸ் போடுவது. டிரைவர் இன்க் என்பார்கள். கையில் கொஞ்சம் அதிகம் வருவது மாதிரி தெரியும். இது சட்டத்தின் தவறான பக்கத்தில் போய் நிற்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சீசன் வேலைக்கு இது நேரடி நஷ்டம். ஊழியராக எட்டு வாரம் வாரத்துக்கு 70 மணி நேரம் ஓட்டினால் 560 மணி நேரம் ஆகிறது. வேலையின்மைக் காப்பீட்டுக்கு நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து 420இலிருந்து 700 மணி நேரம் வரை தேவை, தெற்கே ஓட்டிய மணி நேரத்தையும் சேர்த்தால் தாராளமாக எட்டிவிடும், ஏப்ரலில் வேலை இல்லையென்றால் கை கொடுக்கும். சொந்தக் கார்ப்பரேஷனில் 40 சதவீதத்துக்கு மேல் பங்கு உங்களுடையது என்றால் அந்தக் காப்பீடு கிடையாது. கை முறிந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது.

இன்னொரு கற்பனையையும் உடைத்துவிடுகிறேன். வடக்கே வேலை செய்தால் வருமான வரியில் பெரிய கழிவு உண்டு என்று ஒருவர் அவனிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கழிவுக்குத் தொடர்ந்து ஆறு மாதமாவது அங்கே குடியிருக்க வேண்டும். இரண்டு மாதம் ட்ரக்கில் தூங்கினால் கிடைக்காது.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு

மச்சானோடு பேசியதில் இது இல்லை. ஆனால் நாமக்கல்லில் டேங்கர் ஓட்டுகிற ஒரு நண்பரின் நண்பர், ஒரு ஏஜென்ட் கனடா ஐஸ் ரோட்டு வேலை என்று சொல்லிப் பல லட்சம் கேட்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். கொடுக்காதீர்கள். இந்திய ஹெவி லைசென்ஸைக் காட்டி இங்கே ட்ரெய்லர் லைசென்ஸாக மாற்ற முடியாது. ஒன்டாரியோவில் குறைந்தது 103.5 மணி நேரக் கட்டாயப் பயிற்சி, மேற்கு மாகாணங்களில் அதற்கு மேல், அப்புறம் பரீட்சை, அப்புறம் இரண்டு மூன்று குளிர்கால அனுபவம், அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சே. வெளிநாட்டு ஆளை எடுக்கிற முதலாளிதான் அதற்கான அரசுக் கட்டணத்தைக் கட்ட வேண்டும், அதைத் தொழிலாளியிடம் வசூலிப்பது இங்கே சட்டவிரோதம். இரண்டு மாத சீசனுக்காக, ஸ்னோவையே பார்த்திராத ஒருவரை வேலை அனுமதி வாங்கி வரவழைக்க எந்த நிறுவனத்துக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

அவனுக்கு நான் சொன்னது

மனிடோபா. வின்னிபெக்கில் வருஷம் முழுக்க ஓட்டம் வைத்திருக்கிற ஒரு நிறுவனம், கம்பெனி வண்டி, ஊழியராக, காத்திருப்புப் பணம் எழுத்தில். முதல் குளிர்காலம் தனியாக விடாமல் இன்னொரு வண்டியோடு சேர்த்துத்தான் அனுப்புவார்கள், அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கக் கூடாது. செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும், டிசம்பரில் தேடினால் மிச்சம் மீதிதான். அபாயப் பொருள் சான்றிதழை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம், செலவு அதிகமில்லை. இரண்டு சீசன் பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் ஏரி மேல் ஓட்டியே ஆக வேண்டும் என்று தோன்றினால், யெல்லோநைஃபில் அப்போது எத்தனை சுரங்கம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் அவனிடம் மறைக்கவில்லை. ஒரு தடவையாவது அந்த ஏரி மேல் ராத்திரி ஓட்டிப் பார்க்க வேண்டும். லோடோடு இறங்கியதும் அடியில் ஐஸ் முனகும், திடீரென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் ஏரியின் அந்தக் கரை வரைக்கும் ஓடும். முதல் தடவை நான் கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டேன். பின்னால் வந்த கிழவர் ரேடியோவில், சத்தம் வருகிறவரை பயப்படாதே, ஐஸ் வளைகிறது என்று அர்த்தம், சத்தம் நின்றால் எனக்குச் சொல் என்றார். மேலே பச்சையாக வடதுருவ ஒளி ஆடிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கவே இல்லை, வேகமானியில் 25ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மறுபடி போன் செய்தான். வின்னிபெக்கில் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டானாம், ஒன்றில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "அக்காகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்க அத்தான்" என்றான். சரி என்றேன். நான் எழுதுகிறதை முதலில் படிப்பது அவன் அக்காதான் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.